நேர்கோட்டைக் கண்டால் காலை எடுங்கள்

போன வியாழக்கிழமை, நான் உங்களிடம் விட்ட மெக்கானிக் ஷெட்டுக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர், பெயர் சொன்னால் வருத்தப்படுவார், டெஸ்ட் டிரைவ் முடித்து வந்து லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். "அண்ணாச்சி, பூஸ்ட் கோடு பாருங்க. ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி போவுது" என்றார். மற்றவர்கள் கைதட்டினீர்கள். நான் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். கிழவனுக்குப் பொறாமை என்று யாராவது நினைத்திருக்கலாம். பொறாமை இல்லை. பயம். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் நடுவில் நீங்கள் போனைப் பார்ப்பீர்கள். எனக்கும் கோர்வையாக வராது.

நான் ஏழாம் வகுப்போடு நிறுத்தினவன். உப்பு லாரிகளுக்கு அடியில் படுத்துத் தொழில் படித்தேன். நட்டை முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போவேன். பாதி வழியில் முறுக்கினோமா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து முறுக்கிப் பார்ப்பேன். இரண்டாம் ரயில்வே கேட் மூடியிருந்தால் அந்தப் பக்கமே நின்று கேட் திறக்கிற வரைக்கும் அந்த நட்டையே நினைத்துக்கொண்டிருப்பேன். என் மனைவி இதை வியாதி என்பாள். இந்த வியாதி உள்ள ஒருவனிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்து, "ஒரு எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்று நீயே முடிவு பண்ணு" என்று சொன்னவன் என் சிநேகிதன் ஒருவன். கப்பலில் எஞ்சினியர். ஷெட்டில் எல்லோருக்கும் அவன் கப்பல்காரன்தான். ஏழாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. நான் நின்றேன், அவன் படித்துப் போனான்.

ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் ஊர். அந்த மூன்று மாதமும் வீட்டில் இருந்ததைவிட என் ஷெட்டில் இருந்ததுதான் அதிகம் என்று அவன் மனைவி சொல்லும். அவனிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. அதற்கு ஒரு டர்போவை சிங்கப்பூரில் வாங்கி, பாய்லர் சூட் என்கிற வேலை உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். அடுத்த லீவில் எஞ்சின் கம்ப்யூட்டர் வந்தது. கையகலப் பெட்டி, அதிலிருந்து தலைமுடி மாதிரி வயர்கள். "இத யாரு மாட்டுவா?" என்று கேட்டேன். "நீதாம்ல" என்றான். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது." "எஞ்சினுக்கும் தெரியாது. மாட்டு."

அவன் கப்பலில் இருந்த மாதங்களில் நான் பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். சந்தேகங்களைக் குறித்து வைப்பேன். எந்தத் துறைமுகத்திலாவது அவனுக்கு சிக்னல் கிடைத்தால் போன் வரும். முதலில் பிள்ளைகளை விசாரிப்பான் என்று நினைப்பீர்கள். இல்லை. "பக்கம் எத்தன?" என்பான்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருக்கிற யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக இரண்டு வரி. புகை வெளியேறுகிற வேகத்தில் டர்போவின் சக்கரம் சுழல்கிறது. அது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது; அந்தக் காற்றழுத்தம்தான் பூஸ்ட், அதை பார் கணக்கில் அளப்போம். அளவாகத் திணித்தால் பலம், மிஞ்சினால் பிஸ்டன் உடையும். மிஞ்சாமல் இருக்கப் புகையை வேறு வழியில் விடுவதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு, அதுதான் வேஸ்ட்கேட். காற்று எவ்வளவு அழுத்துகிறது என்ற சேதியை ஒரு ரப்பர் டியூப் அந்தக் கதவுக்குக் கொண்டுபோகிறது. நாம் செய்வது என்ன? டியூபின் நடுவில் ஒரு வால்வை வைத்து, சேதியைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி, கதவைத் தாமதமாகத் திறக்க வைக்கிறோம். கதவை ஏமாற்றுகிற வேலை. வால்வின் வயர் அறுந்தால் பயமில்லை. கதவின் ஸ்பிரிங் தானே பார்த்துக்கொள்ளும், பூஸ்ட் குறைந்துவிடும். டியூபே கழன்றால்தான் மோசம். கதவுக்குச் சேதியே போகாது, அது மூடியே கிடக்கும், பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். அப்போது காப்பாற்ற ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். 'இந்த அளவைத் தாண்டினால் பெட்ரோலை நிறுத்து' என்று கம்ப்யூட்டரில் நாம் எழுதி வைக்கிற கட்.

அந்தக் கட்டை அவன் ட்ரிப் என்பான். கப்பல் பழக்கம். "மொதல்ல அலாரம் அடிக்கும். கேக்கலன்னா ஸ்பீட தானா கொறச்சிரும். அதுக்கும் கேக்கலன்னா எஞ்சினயே நிப்பாட்டிரும். இந்த மூணும் வேல செய்யுதான்னு பாக்காம நாங்க நங்கூரம் எடுக்க மாட்டோம்" என்பான். நான் தலையாட்டுவேன். நட்டைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிற நான், அந்தக் 'கட்' என்பதை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. திரையில் எண்ணைப் போட்டுவிட்டால் அது வேலை செய்யும் என்று நினைத்தேன். எழுத்தில் இருப்பது எல்லாம் உண்மை என்று, படிக்காதவனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அது அவன் லீவின் கடைசி நாள். சாயங்காலம் மதுரையில் விமானம். அங்கிருந்து பம்பாய், அங்கிருந்து எங்கோ போய்க் கப்பல் ஏற வேண்டும். அந்தத் தடவை அவன் செகண்ட் எஞ்சினியர் இல்லை, முதல் தடவையாக சீஃப். பதினைந்து வருட உழைப்பு. அன்று ஏறாவிட்டால் அந்தக் கப்பலும் போச்சு, அந்தப் பதவியும் இன்னொருவனுக்குப் போகும். வீட்டில் எல்லோரும் சிலுவை போட்டு வழியனுப்பினார்கள். மனைவி பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டான். கொண்டுபோய் விடுவதும் வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவதும் என் வேலை.

"ஒன்பது மாசம் தண்ணியத்தான் பாக்கணும். ஒரு தடவ ஒரு பார்ல ஓட்டிட்டுப் போறேம்ல" என்று முந்தின நாள் கேட்டிருந்தான். அதுவரை முக்கால் பார் கூட வைத்ததில்லை. அன்று காலை நான் செட்டிங்கை மாற்றினேன். பூஸ்ட் ஒரு பார். கட் ஒன்று புள்ளி இரண்டு. பழைய ரப்பர் டியூபைக் கழற்றி, அவன் கொண்டுவந்திருந்த நீலச் சிலிக்கான் டியூபைப் போட்டேன். ஒரு முனைக்குக் கிளிப் போட்டேன். அடுத்த முனைக்குப் போடப் போகும்போது பின்பக்கம் அவன் பெட்டியை டிக்கியில் வைக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கையில் இருந்த கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டேன். இன்னும் நான்கு மணி நேரம், அப்புறம் ஒன்பது மாதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பானெட்டை மூடிவிட்டேன். இரண்டாவது கிளிப் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

எட்டயபுரம் விலக்கு தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் கரிசல். அவன் ஓட்டினான், நான் மடியில் லேப்டாப் வைத்திருந்தேன். "போவட்டுமால?" "போவட்டும்." மூன்றாவது கியரில் மிதித்தான். முதுகு சீட்டோடு ஒட்டியது. விசில் எழுந்தது. திரையில் கோடு ஏறி ஒரு பாரைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. ஒரு நூல் அசையவில்லை. நான் கேட்டதும் ஒரு பார், அது காட்டியதும் ஒரு பார். என் வாழ்க்கையில் கவலையே இல்லாமல் இருந்த நேரம் எது என்று கேட்டால் அந்த மூன்று நொடியைத்தான் சொல்வேன்.

"ஏலே, பாத்தியா கோட்ட! ஆடவே இல்ல!" என்று கத்தினேன்.

அவன் உடனே காலை எடுத்துவிட்டான்.

"ஏன்ல எடுத்த?"

"ஆடலயா? கடலுக்கு மேல கூட அப்படி ஒரு கோடு கெடையாதுல" என்றான். பிறகு ஜன்னல் கம்பத்தில் இருந்த கேஜைக் காட்டினான். கப்பலில் கழித்துப் போட்ட, முள் வைத்து அழுத்தம் காட்டுகிற பித்தளைக் கேஜ் அது. வேண்டாம் என்று நான் சண்டை போட்டும் அவனே மாட்டியது. "இது ஒண்ணர வரைக்கும் போச்சு."

"அது பழசு. முள்ளு ஒட்டும்."

"ரெண்டு பேரு ரெண்டு விதமாச் சொன்னா, எவன் மோசமாச் சொல்லுதானோ அவன நம்பு. வண்டிய ஓரம் கட்டுதேன்."

ஒரு சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான். பானெட்டைத் திறந்தேன். கிளிப் போடாத முனை கழன்று, சூடான டர்போ மேல் விழுந்து, நீலமெல்லாம் கருகிச் சுருண்டு கிடந்தது. சட்டைப் பையில் கை வைத்தேன். கிளிப் இருந்தது. அதை எடுத்து அவனுக்குக் காட்டினேன். அவன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். திட்டியிருக்கலாம்.

"சரி, டியூபு கழண்டுச்சு. ட்ரிப் ஏம்ல அடிக்கல?" என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வண்டியில் இருந்த காற்றழுத்த சென்சாருக்கு ஒரு பாருக்கு மேல் படிக்கவே தெரியாது. ஒன்றரை போனாலும் ஒன்று என்றுதான் சொல்லும். நான் கட் வைத்தது ஒன்று புள்ளி இரண்டில். எட்டாத உயரத்தில் மணியைக் கட்டிவிட்டு, மணி இருக்கிறது என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். கோடு நேராக இருந்தது பூஸ்ட் கட்டுப்பாட்டில் இருந்ததால் இல்லை. சென்சாரின் தலை கூரையில் இடித்து நின்றது. அதைவிட மோசம், உண்மையான காற்று எவ்வளவு என்று தெரியாததால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் போதாமல் கொடுத்து, உள்ளே சூட்டை ஏற்றியிருக்கிறது. ஆடாத கோட்டைக் கண்டால் காலை எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். காற்று உயிருள்ள சாமான். கொஞ்சமாவது ஆடும்.

ஒவ்வொரு பிளக்காகக் கழற்றினேன். இரண்டாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் மாதிரி சில புள்ளிகள், வெள்ளியாக மின்னின. பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியாது.

அந்த நேரத்தில் அவன் மனைவியின் போன். "ஏளா, டீ குடிக்க நிப்பாட்டிருக்கோம்" என்றான். அது நம்பவில்லை. போனை என்னிடம் கொடுக்கச் சொல்லியது.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. வண்டி மக்கர் பண்ணுதா? இந்தக் கப்பல விட்டா இன்னும் எத்தன வருசம் ஆவும்னு தெரியாதாம்ணே. நேத்துப் பூரா அவிய ஒரு மாதிரியாவே இருந்தாவ."

"சின்ன வேலதாம்மா. ஏத்தி விட்டுட்டுப் போன் பண்ணுதேன்" என்றேன். சொல்லிவிட்டேன். இனி ஏற்றித்தான் விட வேண்டும்.

வாடகைக் கார் கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிட்டேன். அருப்புக்கோட்டையிலிருந்து வர ஒரு மணி நேரம் என்றார்கள். அந்த ஒரு மணி நேரம் எங்களிடம் இல்லை. வருகிற போகிற லாரிகளைக் கை காட்டினேன். ஒருவரும் நிற்கவில்லை.

அவன் பாலத்துக் கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டான். இறங்கி நின்று அவசரப்படுகிற ஆள் அவன். அன்று உட்கார்ந்தான். "வைப்பர் தண்ணி டியூப அறுத்து இதுக்குப் போடேம்ல" என்றான், அங்கிருந்தே, யாருடைய வண்டியையோ பற்றிப் பேசுகிற மாதிரி.

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். அந்த டியூப் சூட்டில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. தாங்கினாலும் கட் வேலை செய்யாது. எஞ்சின் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறது. அன்று காலை நான் செய்த எந்த வேலையையும் நான் நம்பவில்லை. இதை நீங்கள் மனதில் வையுங்கள். எத்தனை காவல் விழுந்திருக்கிறது என்று தெரியாதபோது புதுக் காவல் ஒன்று போட்டு ஓட்டக் கூடாது. காவலே தேவைப்படாத நிலைக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும். கதவை ஏமாற்றவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். திறந்தே கட்டிப் போட்டுவிட்டால் பூஸ்ட் வராது. கிழட்டு வண்டி மாதிரி போகும், ஆனால் போகும்.

என் பையில் கட்டுக்கம்பி இருந்தது. கவலைக்காரன் பையில் எப்போதும் இருக்கும்.

"வால இங்கன. நீ நெம்பு, நான் கட்டுதேன்" என்றேன்.

அவன் எழுந்திருக்கவில்லை.

"வண்டி நிண்ணு போச்சுன்னு சொல்லிருவோமால?" என்றான்.

"யாருட்ட?"

"எல்லார்ட்டயும்."

"வெளயாடாதல. மணி என்ன தெரியுமா?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். "ஒனக்கு நட்டு முறுக்குனாத்தான் ஒறக்கம் வரும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்தான். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு இருவரும் குனிந்தோம். அவன் வீல் ஸ்பேனரால் கதவின் கம்பியை நெம்பித் திறந்து பிடித்தான். நான் கட்டுக்கம்பியைச் சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கினேன். ஒரு சுற்று போதும். நான் நான்கு சுற்று போட்டேன். முறுக்கிவிட்டு இழுத்துப் பார்த்தேன். மறுபடி ஒரு முறுக்கு. இடது கை விரலில் அன்று பட்ட சூட்டின் தழும்பு இன்னும் இருக்கிறது; உங்களில் ஒருவர் அது என்ன என்று கேட்டீர்கள்.

மிச்ச தூரம் முழுவதும் நான் ஓட்டினேன். அறுபதைத் தாண்டவில்லை. விசில் இல்லை. ஆயில் கேஜையும் வெப்பக் கேஜையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அவன் பக்கமே திரும்பவில்லை. அருப்புக்கோட்டை தாண்டினோம். பிறகு, "கப்பல்ல எஞ்சின் ரூமுக்குள்ள எட்டு மணி நேரம் நின்னுட்டு மேல வந்தா, எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுதாம்ல" என்றான். நான் "ம்" என்றேன். என் காது முழுக்க எஞ்சினில் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவன் ஏதாவது சொன்னானா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஞாபகம் வரவில்லை. எஞ்சின் எந்த இடத்தில் லேசாக இடறியது என்பது மட்டும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

விமான நிலையத்தில் கடைசி ஆட்களோடு உள்ளே போனான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று, ஒரு விரலைக் காட்டிச் சுழற்றினான். முறுக்கிவிட்டாயா என்று கேட்கிற மாதிரி. நானும் சிரித்துக் கை காட்டினேன். அவன் மனைவிக்குப் போன் செய்து "ஏத்திட்டேம்மா" என்றேன். அது அழுதது. சந்தோஷத்தில்தான்.

எஞ்சினைப் பிரித்தபோது இரண்டாவது பிஸ்டனில், வளையங்களுக்கு நடுவே மயிரிழை விரிசல் இருந்தது. அவன் காலை எடுக்க இன்னும் நான்கைந்து நொடி தாமதித்திருந்தால் அன்று எந்தக் கம்பியும் உதவியிருக்காது. எல்லாவற்றையும் மாற்றினேன். மூன்று பார் சென்சார் போட்டேன். அப்புறம், அவன் கப்பலில் செய்கிற மாதிரி, கட் எண்ணை வேண்டுமென்றே கீழே இறக்கி, அரை பாருக்கும் கீழே வைத்து, மிதித்துப் பார்த்தேன். வண்டி உதறி நின்றது. அந்த உதறலை அனுபவித்த பிறகுதான் எண்ணைத் திரும்ப மேலே ஏற்றினேன். இன்றுவரை எந்த வண்டியையும் அப்படி உதற வைக்காமல் நான் வெளியே விட்டதில்லை. நீங்களும் விடாதீர்கள். வியாழக்கிழமை வண்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதன் சென்சார் எத்தனை பார் என்று பார்த்தீர்களா?

கப்பல்காரன் நல்ல சீஃப் ஆனான். நல்ல சீஃப் என்பதால் கம்பெனி அவனை விடவில்லை. லீவு மூன்று மாதம் இரண்டானது, இருபது நாளானது. பிறகு கரையில் ஆபீஸ் வேலை கொடுத்தார்கள், வெளிநாட்டில். பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பமும் போனது. வீட்டை வாடகைக்கு விட்டார்கள். வண்டி என் ஷெட்டின் பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும். அவன் பாதியில் காலை எடுத்த அந்த ஒரு பார் செட்டிங், திருத்தி, சோதித்து, அப்படியே கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் அவன் இன்னும் ஓட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஸ்டார்ட் பண்ணுவேன். இப்போது எனக்கு மெல்லிய சத்தங்கள் கேட்பதில்லை. எஞ்சின் ஓடுவது கைக்குத் தெரிகிறது, விசில் தெரியவில்லை. அதனால்தான் ஷெட்டை உங்களிடம் கொடுத்தேன். எஞ்சின் தட்டுகிறதா என்று கேட்க முடியாதவன் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது.

போன மாதம் போன் செய்தான். அங்கே வெளியே பனி கொட்டுகிறதாம். வண்டியைக் கேட்டான். உங்களைப் பற்றிச் சொன்னேன். பக்கம் எத்தனை என்று கேட்பான் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை.

"அந்தப் பாலம் இருக்கால?" என்றான்.

"இருக்கு. ரோட்ட அகலமாக்கியும் அத இடிக்கல."

"நாலு சுத்து போட்டல்லா அன்னைக்கு?"

"நாலு. அப்புறம் ஒரு முறுக்கு."

"கொஞ்சம் லூசாக் கட்டிருக்கலாம்ல நீ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். அவன் போனை வைத்த பிறகும் காதிலிருந்து எடுக்காமல், அன்று அவன் பாலத்துக் கட்டையை விட்டு எழுந்திருக்காததை நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு லூசாகக் கட்டத் தெரியாதே.